ஒழுகும் வெளிக்குழாய்

வீட்டுக்கு வெளியே உள்ள குழாய் சொட்டுவதைவிட, அதைச் சரிசெய்யப் புகுந்தால் வந்து சேரும் எரிச்சல்தான் பெரிது. வாய்வழியே சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது என்றும், திறக்கும்போது கைப்பிடியின் அடியில் கசிந்தால் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங் தளர்ந்திருக்கிறது என்றும் எளிதில் சொல்லிவிடலாம்; ஆனால் அந்தக் காசு பெறாத ரப்பர் வில்லையை எட்டுவதற்கு, வெயிலிலும் மழையிலும் கிடந்து பச்சை பூத்துப்போன திருகை அசைக்க வேண்டுமே! ஸ்பேனரை அழுத்தினால் திருகு நகராமல், சுவருக்குள் இருக்கும் இணைப்பே சேர்ந்து திரும்பத் தொடங்குகிறது. ஆகவே குழாயின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்தே தீர வேண்டும். அதற்கு முன் தண்ணீரை நிறுத்த மூட வேண்டிய வால்வும் முழுதாக மூடாது என்பது தனிக்கதை.

வீட்டில் உள்ளவர்களோ, சொட்டு நிற்கவில்லை என்றால் இன்னும் இறுக்குகிறார்கள். இறுக்க இறுக்க வாஷர் நசுங்கிக் கிழிகிறதே தவிர, நீர் நிற்பதில்லை. புது வாஷர் போட்ட பிறகும் சொட்டினால், அது அமரும் பித்தளை விளிம்பை நீர் அரித்திருக்கலாம். விரலை விட்டுத் தடவினால் அந்தப் பள்ளம் நகத்தில் இடறும். அதைத் தேய்த்துச் சமன்செய்யும் கருவி யார் வீட்டில் இருக்கிறது? குழாயையே மாற்றித் தொலைக்க வேண்டியதுதான். அப்போதும் இணைப்பில் கசிவை அடைக்கும் டெஃப்லான் நாடாவை, மரை (திருகுப் புரி) திரும்பும் திசையிலேயே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் அது சுருண்டு வெளியே வர, கசிவு சுவரோரத்துக்கு இடம் மாறியிருக்கும்.