காசோலை வேண்டாம், மெஷின் மணித்தியாலம் தாருங்கள்

கட்டுமானத் தொழில் படுத்துவிட்டதென்றால் அதைச் சொல்லப் புள்ளிவிவரம் தேவையில்லை. கொழும்பை அடுத்த பேலியகொடை, வத்தளைப் பக்கத்து யார்டுகளைப் பார்த்தால் போதும். எக்ஸ்கவேட்டர்கள் வாளியை நிலத்தில் ஊன்றியபடி வரிசையாக நிற்கும். 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. நான்கு நாளில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடே அறிவித்தது. லீசிங்கில் பெக்கோ (முன்னால் லோடர், பின்னால் தோண்டும் கை உள்ள மெஷின்) எடுத்தவன் தவணை கட்டத் திணறும்போது, அதை விற்ற முகவர் நிறுவனத்தில் முதலில் வெட்டு விழுவது மோட்டார் பந்தய அனுசரணைக்குத்தான்.

அந்த வெட்டை நான் குறை சொல்லவில்லை. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பந்தயக் காரில் பெயர் ஒட்டுவது பார்க்கச் சகிக்காது. 2009 ஜனவரி 26 அன்று அமெரிக்கக் கனரக இயந்திர நிறுவனமான கட்டர்பில்லர் ஏறத்தாழ 20,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. மூன்று கிழமை கூட ஆகவில்லை, பெப்ரவரி 15 அன்று, நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரின் டேடோனா 500 பந்தயத்தில் ஜெஃப் பேர்ட்டனின் 31ஆம் இலக்கக் கார் அதே நிறுவனத்தின் மஞ்சள் கறுப்பில் ஓடியது. ஒப்பந்தம் முன்னரே போட்டதுதான், ஆனால் வேலை இழந்தவர் அந்தத் திகதியைப் பார்க்கப்போவதில்லை. 2008 இல் 51.3 பில்லியன் டொலராக இருந்த அந்த நிறுவனத்தின் விற்பனை 2009 இல் 32.4 பில்லியனாக விழுந்தது. அப்படியிருந்தும் அவர்கள் நாஸ்காரை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அங்கே பந்தயம் பார்க்க வரும் கூட்டத்தில் ஒப்பந்தக்காரர், ஒப்பரேட்டர், கல்குவாரிக்காரர் என்று மெஷின் வாங்குகிறவர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இங்கேயும் அப்படித்தான். தியத்தலாவை, சாலியபுர, மின்னேரியா என்று இராணுவ மைதானங்களில் நடக்கும் சுப்பர் குரோஸ் எனும் மண் தடப் பந்தயங்களுக்கு டிப்பர் முதலாளியும் பெக்கோ ஒப்பரேட்டரும் குடும்பத்தோடு வருகிறார்கள். ஆகவே அனுசரணையை அடியோடு நிறுத்துவது பிழை. காசாகக் கொடுப்பதும் பிழை. நெருக்கடிக் காலத்தில் கனரக இயந்திர நிறுவனத்திடம் இல்லாதது காசு, இருப்பது சும்மா நிற்கும் மெஷின். அதைக் கொடுக்கட்டும் என்பதுதான் என் வாதம்.

மண் தடத்தில் ஓடும் போட்டிக்கு எக்ஸ்கவேட்டர், கிரேடர், ரோலர், தண்ணீர் பவுசர் நான்கும் இல்லாமல் தடமே கிடையாது. தொலைபேசி நிறுவனமோ வங்கியோ கொடுக்க முடியாத ஒன்று இது. ஜேசிபி 2006 இல் இதே வழியில்தான் யோசித்தது. அடுத்தவர் காரில் பெயரை ஒட்டாமல், தன் பெக்கோவில் இருக்கும் அதே குடும்பத்து 444 டீசல் எஞ்சின் இரண்டை ஒவ்வொன்றும் 750 பரிவலு தரும்படி மாற்றி, டீசல்மெக்ஸ் என்ற காரில் பூட்டியது. அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் அன்டி கிரீன் அதை மணிக்கு 350.092 மைல் வேகத்தில் ஓட்டினார். பார்த்தவர்களுக்கு நினைவில் நின்றது ஸ்டிக்கர் இல்லை, எஞ்சின்.

இனி, மனதைக் கனக்கச் செய்யும் விடயத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். ஐந்து வருட இடைவெளிக்குப் பின் நடந்த போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டுப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். யார் பொறுப்பு என்பதை நான் இங்கே பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் எந்த நிறுவனமாவது மேடைக்கும் பனருக்கும் காசு கொடுத்து, பார்வையாளருக்கு முன்னால் மண் அணை இருக்கிறதா என்று கேட்காமல் விட்டால், அதை அனுசரணை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மண் அணைக்கு என்ன தேவை? 100 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம், மேலே 1 மீட்டர் அகலம் என்று வையுங்கள். தடத்தைப் பார்க்கும் பக்கம் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்க வேண்டும், பின்பக்கம் 1:1.5 சரிவு, அதாவது 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடை. இதை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. தடப் பக்கம் சரிவாக இருந்தால் வழுக்கி வரும் காருக்கு அது தாவுமேடையாகிவிடும், கார் அணைக்கு மேலால் பறக்கும். குறுக்குவெட்டு சுமார் 3.2 சதுர மீட்டர், ஆக இறுக்கிய மண் 320 கன மீட்டர். தளர்வாக அள்ளும்போது அது 430 வரை ஊதும். மூன்று கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) டிப்பர் ஒன்று 8.5 கன மீட்டர் ஏற்றும் என்றால் 51 லோட். இருபது தொன் எக்ஸ்கவேட்டர் மணிக்கு 60 கன மீட்டர் ஏற்றினால் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. மட்டம் பிடிக்க ஒரு பெக்கோ, இறுக்க ஒரு ரோலர். எல்லாமாக இரண்டு நாள் வேலை. எக்ஸ்கவேட்டர் மணிக்கு 14 லீட்டர் குடித்தாலும், ஏற்றுவதற்கு நூறு லீட்டரை ஒட்டித்தான் போகும். டிப்பர் செலவுதான் கூட, அதனால் மண் எடுக்கும் இடம் மைதானத்துக்குள்ளேயே இருப்பது நல்லது.

மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேல் ஓடு மட்டும் இறுகும், உள்ளே பொத்தலாகவே இருக்கும். 20 சென்டிமீட்டர் படை படையாகப் போட்டு இறுக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்துங்கள். உருண்டையாக நின்று, தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. விரலுக்கிடையில் பிதுங்கினால் ஈரம் கூட, பொடியாக உதிர்ந்தால் பவுசர் வர வேண்டும். மார்ச், ஏப்ரலில் மலைநாட்டில் பின்னேரத்தில் இடிமழை வரும். மண் வேலையை மதியத்துக்குள் நிறுத்தித் தறப்பாளால் மூடாவிட்டால், அடுத்த நாள் சேற்றை வழிப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

நிமிர்ந்த முகம் தானாக நிற்காது. மண் மூட்டை அடுக்கி, அதற்கு முன்னால் டயர்களை ஒன்றோடொன்று போல்ட் பூட்டி நிறுத்த வேண்டும். பூட்டாத டயர் மோதியவுடன் சிதறி, அதுவே இன்னொருவரைத் தாக்கும். டயருக்கு முன்னால் கன்வேயர் பெல்ட் கட்டினால் காரின் மூக்கு டயருக்குள் சொருகாமல் உரசிப் போகும். அந்த பெல்ட் எங்கே கிடைக்கும்? கல் உடைக்கும் கிரஷரில் தேய்ந்து கழித்தது சுருள் சுருளாகக் கிடக்கும். கிரஷர்காரர் யாருடைய வாடிக்கையாளர்? இதே மெஷின் நிறுவனங்களுடையவர்தான். லோடரின் பெரிய டயரை மட்டும் வைக்காதீர்கள். அது நசுங்காது, சுவர் போல நிற்கும்.

நிறுவனத்துக்கு இதில் நட்டமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் மெஷினில் பேட்டரி இறங்கும், டீசல் டாங்கில் நீர் சேரும், கிரீஸ் பூசாமல் விட்ட ஹைட்ரோலிக் கம்பியில் துரு குத்தும். அதன் பிறகு மெஷினை ஓட்டினால் அந்தக் குத்து சீலை அறுத்து எண்ணெய் ஒழுகும். கொழும்பின் உப்புக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே மெஷின் ஓடுவது மெஷினுக்கே நல்லது. ஆனால் டெமோ மெஷினில் மணித்தியால மீட்டர் ஏறினால் விலை இறங்கும், 250 மணித்தியாலத்தில் சேர்விஸும் வந்துவிடும். அதனால் ஒரு மெஷினுக்கு 40 மணித்தியாலம் என்று உச்சவரம்பு போட்டுக்கொள்வது இரு பக்கத்துக்கும் நியாயம்.

சண்டை வருவது ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவற்றால்தான். மெஷின் வரும்போதும் போகும்போதும் மீட்டர் வாசிப்பில் இரண்டு பேர் கையெழுத்து. டீசல் யாருடையது? மெஷினை ஏற்றி வரும் லோபெட் லொறியின் கூலி யாருடையது? ஒப்பரேட்டரின் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம்? பழுதானால் எத்தனை மணித்தியாலத்தில் மாற்று மெஷின்? காப்புறுதி வேலைத்தளத்துக்கு வெளியேயும், மூன்றாம் தரப்புக்கும் செல்லுமா? இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். பொருளாகக் கொடுத்தாலும் வரி விடாது. 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம், ஆகவே மெஷின் வாடகைக்கும் விளம்பர உரிமைக்கும் பெறுமதி போட்டு இரு பக்கமும் விலைப்பட்டியல் பரிமாறிக்கொள்வது எப்படி என்று கணக்காளரை முதலிலேயே கேளுங்கள்.

சந்தைப்படுத்தல் பிரிவு கட்டாயம் ஒன்று கேட்கும்: “மெஷினை கெமராவில் விழுகிற இடத்தில் நிறுத்துங்கள்.” கெமராவில் விழுகிற இடம் வளைவின் வெளிப்பக்கம் அல்லது ஜம்ப் இறங்கும் இடம். அங்கே நிறுத்தினால் அது இருபது தொன் இரும்புச் சுவர். 2014 ஒக்டோபரில் சுசுகாவில் ஜூல் பியாங்கியின் கார் தடத்துக்கு வெளியே நின்ற மீட்பு மெஷினில்தான் மோதியது, அடுத்த வருடம் ஜூலையில் அவர் இறந்தார். ஃபோர்முலா 1 இலேயே அது நடந்தது. மெஷினைக் காட்ட வேண்டுமென்றால் நுழைவாயிலில் நிறுத்துங்கள். இன்னும் நல்லது, போட்டிக்கு முந்திய கிழமை வாடிக்கையாளர்களை அழைத்து, அணை கட்டும்போதே அவர்கள் கையில் லீவரைக் கொடுங்கள். வாங்க நினைப்பவருக்கு ஷோரூமில் இந்த அனுபவம் கிடைக்காது.

ஏற்பாட்டாளர்களும் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். கோல்ட் அனுசரணை, சில்வர் அனுசரணை என்று தொகை போட்ட கடிதம் இந்தக் காலத்தில் குப்பைக்கூடைக்குத்தான் போகும். தட வரைபடத்தில் எந்த வளைவுக்கு எத்தனை மீட்டர் அணை, எத்தனை கியூப் மண், எந்த மெஷின் எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதி என்று ஒரே தாளில் எழுதிப் போட்டிக்கு ஆறு கிழமைக்கு முன் கொடுங்கள். அதை சந்தைப்படுத்தல் முகாமையாளருக்கு மட்டும் அனுப்பாமல், சேர்விஸ் முகாமையாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எந்த மெஷின் யார்டில் சும்மா நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.