பந்து கையில் இல்லாத நேரத்துக்கு என்ன கணக்கு?

ஃபாக்ஸ், காஸில், ஹார்ப்பர். மூன்று பேருமே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவர்கள். மூவரையும் ஒரே டீமில் வைத்துக்கொண்டு, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ன செய்யப் போகிறது? டெக்ஸாஸ்காரர்கள் கவலைப்பட வேண்டிய இந்த விஷயத்துக்காக மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு டீக்கடையில், சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடக்கிறது. என்பிஏ ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில் தொடங்கி ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் முடிவதால் வரும் வினை. பாதி ஆட்டத்தைப் போனில் பார்த்துவிட்டு வந்து மீதியை வாயால் ஆடுகிறார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு: டியாரன் ஃபாக்ஸ் 2025 பிப்ரவரியில் சேக்ரமென்டோவிலிருந்து வந்தவர், ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. ஸ்டெஃபான் காஸில் 2024 டிராஃப்ட்டில் (புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) நான்காவதாக எடுக்கப்பட்டு, அந்த சீசனின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கியவர். சரி, ஜோடி அமைந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் 2025 டிராஃப்ட்டின் இரண்டாவது இடம் ஸ்பர்ஸுக்கு விழுந்தது. அங்கே கிடைத்தது இன்னொரு கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள், டிலன் ஹார்ப்பர். அப்படி ஒரு பையனை விடுவார்களா? எடுத்துவிட்டார்கள். இது போதாதென்று விக்டர் வெம்பன்யாமா என்ற ஏழடி நாலங்குல மனிதர் வேறு நடுவில் நிற்கிறார். அவருக்கும் பந்து போக வேண்டும்.

"ஒருத்தனை வித்துட்டு உருப்படியா ஒரு ஃபார்வர்டு வாங்குங்கப்பா" என்பது எங்கள் வயதுக்காரர்கள் கட்சி. "திறமை இருந்தா தன்னால செட்டாகும்ணே, சும்மா இருங்க" என்பது காலேஜ் பசங்க கட்சி. எனக்கு ரெண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது. ரெண்டு தரப்புமே பந்து கையில் இருக்கும்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் பார்க்கிறது. ஹைலைட்ஸ் வீடியோவும் அதைத்தான் காட்டும். நான் பார்ப்பது மற்ற நேரத்தை. கூடையை நோக்கி எறிய ஷாட் கிளாக்கில் இருப்பது 24 நொடி, பந்து ஒன்றே ஒன்று. அது இன்னொருத்தன் கையில் இருக்கும்போது இவன் எங்கே நிற்கிறான், எப்போது வெட்டி ஓடுகிறான், தன்னைக் காவல் காப்பவனை நிம்மதியாக நிற்க விடுகிறானா? ஜோடி சேருமா சேராதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

கோல்டன் ஸ்டேட் டீமின் கிளே தாம்ப்சன் 2016 டிசம்பரில் இந்தியானாவுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறை. பந்து அவர் கையில் இருந்த மொத்த நேரம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் அறுபது! இதைச் சொன்னால் "அது கர்ரி பக்கத்துல இருந்ததாலண்ணே" என்கிறான் ஒருத்தன். அதைத்தானடா நானும் சொல்றேன்.

அதே டீமின் நட்சத்திரம் ஸ்டெஃப் கர்ரிக்கும் முதலில் அமைந்த ஜோடி கிளே இல்லை. 2009 டிராஃப்ட்டில் ஏழாவது ஆளாக அவர் கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்தபோது அங்கே ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் மான்டா எல்லிஸ். ரெண்டு சின்ன உருவங்கள் சேர்ந்து ஆடி ஜெயிக்க முடியாது என்று சீசன் தொடங்கும் முன்பே எல்லிஸ் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 2012 மார்ச்சில் அவரை மில்வாக்கிக்கு அனுப்பி ஆண்ட்ரூ போகட் என்ற சென்டரை வாங்கினார்கள். சில நாள் கழித்து கோர்ட்டில் மைக்கைப் பிடித்த ஓனர் ஜோ லேகப்பை ரசிகர்கள் பேசவிடாமல் கூச்சலிட்டார்கள். கோபம் நியாயம்தான். அப்போது கர்ரிக்குக் கணுக்கால் ஒழுங்காக இல்லை, கிளே முதல் வருடப் பையன், வந்த போகட்டும் காயத்தில் இருந்தார். 2015-ல் கோப்பை வந்தது.

எங்கள் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டதும் மேசையைத் தட்டுவார்கள். "பாத்தியா மாப்ள, வித்ததுதான் சரி." கொஞ்சம் பொறுங்க. இதே ஃபாக்ஸ் சேக்ரமென்டோவில் இந்த மூன்று கார்டு கூத்தை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர். 2020-ல் டைரீஸ் ஹாலிபர்ட்டன் வந்தார், 2021-ல் டேவியன் மிட்செல் வந்தார். ஒன்றரை சீசனிலேயே பொறுமை போய், 2022 பிப்ரவரியில் ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்குக் கொடுத்து சபோனிஸ் என்ற சென்டரை வாங்கினார்கள். அடுத்த சீசனில் சேக்ரமென்டோ 2006-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃப் என்ற வெளியேற்றச் சுற்றைப் பார்த்தது. ஹாலிபர்ட்டனோ 2025-ல் இந்தியானாவை இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார். யார் ஏமாந்தது என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. ஃபாக்ஸின் வேகமும் ஹாலிபர்ட்டனின் ஷூட்டிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகக்கூடியவை என்பது என் எண்ணம், ஓட்டை இருந்தது மறுபக்கம், டிஃபென்ஸில். டிஃபென்ஸை யார் பேசுகிறார்கள்? லில்லார்டு, மெக்கல்லம் என்ற ரெண்டு கார்டுகள் போர்ட்லாண்டில் எட்டு வருடத்துக்கு மேல் சேர்ந்து ஆடினார்கள், அழகான ஆட்டம், ஒரே ஒரு தடவை மேற்குப் பிரிவு இறுதிவரை போய் 2019-ல் 4-0 என்று துடைத்தெறியப்பட்டார்கள். ரெண்டு பேருமே ஆறடி ரெண்டு, மூணு அங்குலம். எதிரணி வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுத்து அடிக்கும்.

நான் அடிக்கடி எடுத்துப்போடும் உதாரணம் ஜாஷ் கிடி. ஆஸ்திரேலியப் பையன், ஆறடி எட்டங்குலம், பாஸ் கொடுப்பதில் கெட்டிக்காரன், 2021-ல் ஆறாவதாக எடுக்கப்பட்டவன். ஓக்லஹோமாவில் அந்த டீமின் நட்சத்திர கார்டு ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டருக்குப் பக்கத்தில் ஆடினான். இரண்டு பேரும் உயரம், இரண்டு பேரும் இளசு, திறமைக்குக் குறைவே இல்லை. காலேஜ் கட்சியின் கணக்குப்படி தன்னால செட்டாகியிருக்க வேண்டும். ஆனால் பந்து ஷேயிடம் போனபின் கிடியை யாரும் காவல் காக்கத் தேவையில்லாமல் போயிற்று. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவனைத் தனியாக விட்டுவிட்டு, அவன் ஆள் போய் நடுவில் நின்று ஷேயின் வழியை அடைத்தான். 2024 பிளேஆஃப்பில் டல்லஸ் இதையே திரும்பத் திரும்பச் செய்தது, கடைசியில் கிடி தொடக்க ஐவரில் இடம் இழந்தான். அந்த ஜூனிலேயே அவனைச் சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூஸோவை வாங்கினார்கள். ஒருத்தனுக்கு ஒருத்தன், நேர் மாற்று. கரூஸோ புள்ளி குவிக்கும் ஆளே இல்லை. ஆனால் எதிரணியின் எந்தக் கார்டையும் திணறடிப்பான், மூலையில் நின்றால் அவனை விட்டுவிட்டு நகர முடியாது. அடுத்த சீசன் ஓக்லஹோமா 68 வெற்றி, கோப்பையும் கையில். கிடி சிகாகோவில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜோராக ஆடினான். அவன் ஆட்டத்தில் எந்தக் குறையும் புதிதாக முளைக்கவில்லை, எதுவும் மறையவுமில்லை. பக்கத்தில் நிற்கும் ஆள் மாறினான், அவ்வளவுதான்.

ஸ்பர்ஸ் விஷயத்தில் இதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். நிமிடக் கணக்கு பெரிய சிக்கலே இல்லை. 48 நிமிட ஆட்டத்தில் ரெண்டு கார்டு இடம் என்றால் 96 நிமிடம், ஆளுக்கு 32. எப்போதும் இருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஃபாக்ஸைத் தவிர மற்ற இருவரும் ஆறரை அடியை ஒட்டிய உயரம், போர்ட்லாண்ட் கதை இங்கே வராது. காஸிலுக்கு இன்னொரு யோக்கியதை உண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2024-ல் பட்டம் வென்றபோது பந்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, எதிரணியின் நல்ல ஆளைக் கட்டிப்போடும் வேலையைப் பதினெட்டு பத்தொன்பது வயதில் ஏற்றுக்கொண்டவர் அவர். அந்த மனசு சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பயம் ஒன்றே ஒன்று. என்பிஏ முதல் சீசனில் அவருடைய மூன்று புள்ளி சதவீதம் 30-ஐத் தொடவில்லை. கிடிக்குச் செய்ததை இவருக்கும் செய்வார்கள், வெம்பன்யாமாவின் காலடியில் கூட்டம் சேரும். ஆகவே யாரை விற்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், இப்போதைக்கு யாரையும் இல்லை. காஸிலின் ஷாட் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம். காசு பேசும் நேரம் எப்படியும் வரும். ஃபாக்ஸுக்கு 2025 ஆகஸ்டிலேயே நாலு வருடத்துக்கு 22 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தாயிற்று. காஸிலுக்கு 2027 கோடையில், ஹார்ப்பருக்கு 2028-ல் பெரிய ஒப்பந்தத்தின் கதவு திறக்கும். அந்த வாசலில் நிற்கும் பையன் மூலையில் போய் நிற்கச் சம்மதிப்பானா? அதுதான் நிஜமான சிக்கல், அதை எந்தக் கோச்சும் கரும்பலகையில் வரைந்து தீர்க்க முடியாது.

இவ்வளவு தூரம் அமெரிக்காவைப் பேசுவதற்கு உள்ளூரில் ஒரு காரணம் இருக்கிறது. நம்ம ஊர் கிளப் ஒன்றில், பேர் வேண்டாம், பசங்களுக்குப் பதினாறு பதினேழு வயசு, இதே வழக்கு ஓடுகிறது. ஒருத்தன் குள்ளம், மின்னல் மாதிரி உள்ளே புகுந்து லே-அப் போடுவான். இன்னொருத்தன் நெட்டை, பந்தைக் கீழே பார்க்காமலே கொண்டு வருவான், கை சுத்தமான ஷூட்டர். ரெண்டு பேரையும் ஒன்றாக இறக்கினால் யார் பந்தைக் கொண்டு வருவது என்பதிலேயே முதல் பத்து நொடி போய்விடுகிறது. குள்ளன் பாஸ் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறான். நெட்டையன் பாஸ் கொடுப்பதே இல்லை. கோர்ட் ஓரத்தில் நிற்கும் அப்பாக்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள்.

"ஒருத்தனை செகண்ட் ஃபைவ்ல போடு, பிரச்சினை தீர்ந்துச்சு" என்கிறார் எங்கள் கூட்டத்தில் ஒரு ரிட்டயர்டு பி.டி. சார். மரியாதைக்குரியவர், எனக்கே பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும் சார், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நம்ம பக்கத்து டோர்னமெண்டுகளில் பின்தங்கிய எந்த டீமும் ஃபுல் கோர்ட் பிரஸ், அதாவது கோர்ட் முழுக்க நெருக்கிப் பிடிக்கிற டிஃபென்ஸ், போடும். எட்டு நொடியில் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்து கொண்டு வரத் தெரிந்தவன் ஒருத்தன்தான் என்றால் ரெண்டு பேர் சேர்ந்து அவனைச் சைடு லைனில் மடக்கிவிடுவார்கள், கதை முடிந்தது. ரெண்டு பேர் இருந்தால் பிரஸ்ஸே விருந்து. அப்புறம் நமக்கு ஐந்து ஃபவுலில் ஆள் வெளியே, என்பிஏ மாதிரி ஆறு இல்லை. மூன்றாவது குவார்ட்டரிலேயே நாலு ஃபவுல் வாங்கிய கார்டை எத்தனை பார்த்திருக்கிறோம்! பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். இராணுவ டீம், பேங்க் டீம் எதுவானாலும், பந்தைக் கொடுத்த கார்டு நின்ற இடத்தில் நிற்கமாட்டான். கொடுப்பான், டிஃபெண்டரின் வழியில் மறித்து நின்று ஸ்கிரீன் போடுவான், எதிர்ப்பக்கம் ஓடுவான். பந்து திரும்ப வருமா வராதா என்ற கவலையே அவன் முகத்தில் இருக்காது.

மதுரைக்காரனுக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் ரெண்டு நாதஸ்வரத்தை வைத்துக்கொண்டுதானே உலகத்தையே கட்டிப்போட்டார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொள்வார், கேட்பவனுக்கு எங்கே கைமாறியது என்றே தெரியாது. ரெண்டு பேருமே வித்வான்கள் என்பதால் யாரும் ஒருத்தரை வீட்டில் உட்காரச் சொல்லவில்லை.

பசங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் வாங்க வேண்டும், செலெக்‌ஷனில் பேர் தெரிய வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் புள்ளிக்குக் கட்டம் இருக்கிறது, ஃபவுலுக்குக் கட்டம் இருக்கிறது. நல்ல ஸ்கிரீன் போட்டதுக்கோ, காலியான இடத்துக்கு ஓடி ஒரு டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போனதுக்கோ கட்டம் கிடையாது. நாலு பேர் கைதட்டுவதும் இல்லை. நம்ம கேலரியும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிளுக்கு விசில் அடிக்கும், பந்தில்லாமல் வெட்டி ஓடும் 'கட்'டுக்கு அடிக்காது. பிறகு பையன் எதைக் கற்றுக்கொள்வான்?

ரெண்டு மாசமாக அந்த கிளப்பில் ஒரு வேலை நடக்கிறது. பயிற்சியில் பாதி நேரம் டிரிபிளே கிடையாது. பந்தைத் தட்டினால் எதிரணிக்குப் போய்விடும். பாஸ், கட், ஸ்கிரீன் மட்டும். முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை, ஆளாளுக்கு மோதிக்கொண்டார்கள். இப்போது நெட்டையன் ஸ்கிரீன் போட்டுவிட்டு வெளியே வருகிறான், குள்ளன் அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே பாய்கிறான். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் டிஃபெண்டர்கள் ஒரு நொடி முழிக்கிறார்கள். அந்த ஒரு நொடி போதும். ஒரே ஒரு குறை, ஆடிக் காற்றில் திறந்தவெளி கோர்ட்டில் த்ரீ பாயின்ட் பயிற்சி என்பது கடவுளுக்கே சோதனை.

குள்ளனின் அப்பா இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, கோச் உங்க பையனைக் கடைசிக் குவார்ட்டரில் கார்னருக்குப் போகச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. கொஞ்சம் இருந்து பார்த்திருக்கலாம். த்ரீ பாயின்ட் கோடு வளைவில் 6.75 மீட்டர், கார்னரில் 6.60 தான், அவனுக்கு அந்த தூரம் கை வருது. நீங்க பைக்கை எடுத்த பிறகு அங்கேயிருந்து ரெண்டு போட்டான். பாஸ் ரெண்டுமே நெட்டையன் கொடுத்தது.