1918 காய்ச்சல்: கொன்றது தடுப்பூசியா?

‘1918-ல் கோடிக்கணக்கானோரைக் கொன்றது ஃப்ளூ இல்லை, தடுப்பூசிதான், அந்த வைரஸை யாரும் பார்த்ததே இல்லை.’ கடலூர், புதுச்சேரி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டுமே தவறு.

ஃப்ளூ தடுப்பூசி செய்ய முதலில் வைரஸ் கையில் இருக்க வேண்டும். மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-ல்தான். 1918-ல் சில நாடுகளில் ஊசி போட்டது உண்மை. ஆனால் அது பாக்டீரியாவுக்கு எதிரானது, நோய் பரவிய பிறகு போட்டது. பலன் தராத ஊசி வேறு, கொன்ற ஊசி வேறு.

வைரஸுக்கு வருவோம். அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில் ஐந்தே நாளில் 80 பெரியவர்களில் 72 பேர் இறந்தார்கள். எப்போதும் உறைந்தே கிடக்கும் மண்ணில் அவர்களைப் புதைத்தார்கள். 1997-ல் யோஹான் ஹல்டின் என்ற நோயியல் மருத்துவர் அங்கே சுமார் 7 அடி தோண்டியபோது, பருமனான ஒரு பெண்ணின் நுரையீரல் கிடைத்தது. சுற்றியிருந்த கொழுப்பு அதை அழுகாமல் காத்திருந்தது. அந்தத் திசுவையும் அதே நோயில் இறந்த ராணுவ வீரர்களின் பழைய திசுக்களையும் வைத்து அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி டாபென்பெர்கர் குழு 2005-க்குள் வைரஸின் 8 மரபணுத் துண்டுகளையும் படித்து முடித்தது. அது எச்1என்1 என்ற வகை ஃப்ளூ வைரஸ்.

பலரைக் கடைசியில் சாய்த்தது ஃப்ளூவின் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல். இன்றும் காய்ச்சல் விட்டு மறுபடி ஏறி மூச்சு வாங்கினால் அந்தச் சந்தேகம்தான். கஷாயத்தோடு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.