தெரியாது என்று எழுதிய சிறுமிக்குச் சுழியம்

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் கோடை வகுப்பில் நடந்த வினாடி வினாவும், அதற்குப் பின் வாட்சப் குழுவில் நடந்த களேபரமும் உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் வெண்கலக் காலத்தில் வாழ்ந்த மினோவரின் நாகரிகம் எதனால் அழிந்தது என்பது கேள்வி. "எரிமலை" என்று விடைத்தாளில் அச்சடித்திருந்தார்கள். "உறுதியாகத் தெரியாது, எரிமலை வெடித்த பிறகும் அரண்மனைகள் இருந்தன" என்று எழுதிய ஏழாம் வகுப்புச் சிறுமிக்குச் சுழியம். பாடம் நடத்தியவன் என்ற முறையில் நான் ஆட்சேபித்தேன். "குழந்தைகளைக் குழப்பாதீர்கள் சார்" என்று பதில் வந்தது, கைகூப்பும் பொம்மையுடன்.

அந்தச் சிறுமி எழுதியதுதான் சரி. இன்று சாண்டோரினி என்று சுற்றுலாப் பயணிகள் அறிந்திருக்கும் தீரா தீவின் எரிமலை வெடித்தது கி.மு. 17ஆம் நூற்றாண்டிலா 16ஆம் நூற்றாண்டிலா என்று கரிமக் காலக்கணிப்பு செய்பவர்களும் தொல்லியலாளர்களும் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். கிரீட் தீவின் அரண்மனைகள் பலவும் எரிந்து விழுந்தது கி.மு. 1450 வாக்கில். எந்தக் கணக்கை எடுத்துக் கொண்டாலும் இடையில் அரை நூற்றாண்டாவது இருக்கிறது. எரிமலைதான் அழித்தது என்று 1939இல் எழுதிய ஸ்பிரிடான் மாரினாட்டோஸ் பெரிய அறிஞர், அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு கருதுகோள். கிரீட்டின் நாசோஸ் அரண்மனை 1450க்குப் பிறகும் இயங்கியது; அங்கே அப்போது கணக்கு எழுதியவர்கள் எழுதியது கிரேக்க மொழி. அதாவது, கிரேக்கப் பெருநிலத்திலிருந்து வந்த மைசீனியர்களின் கை அங்கே ஓங்கிவிட்டிருந்தது. படையெடுத்து வந்தார்களா, சரிந்து கிடந்த இடத்தில் வந்து அமர்ந்தார்களா? தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று குழந்தைக்குச் சொல்வதில் நமக்கு ஏன் இத்தனை கூச்சம் என்பதுதான் என் கேள்வி.

"குழந்தைகளுக்குக் கதைதானே பிடிக்கும்" என்கிறார்கள். பிடிக்கட்டும். கிரீட் மன்னனின் புதிர்வழியில் அடைபட்டிருந்த மினோட்டாரின் கதையை முதல் நாள் வகுப்பில் சொன்னவனே நான்தான். அந்தக் காளைத்தலையனை வீரன் தீசியஸ் கொன்ற இடத்தில் நான் போட்ட கூச்சல் பக்கத்துக் கட்டடம் வரை கேட்டதாம். அது பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய கிரேக்கர்கள் சொன்ன கதை என்று அடுத்த வாக்கியத்திலேயே சொன்னேன், அவ்வளவுதான். ஒரு குழந்தையும் அழவில்லை.

அவர்களுக்கு உண்மையில் பிடித்தது வேறு. மைசீனியர்களின் லீனியர் பி எழுத்தில் ஒன்றுக்கு ஒரு நிற்கும் கோடு, பத்துக்கு ஒரு படுத்த கோடு, நூறுக்கு ஒரு வட்டம். ஈரக் களிமண்ணைப் பனையோலை நறுக்கு போல நீளமாகத் தட்டி, அதில் தென்னங்குச்சியால் ஆட்டுக் கணக்கை ஆளுக்கொன்றாகக் கீறச் சொன்னேன். பாதி வில்லைகளை வெயிலில் காயவைத்தோம். மீதியைக் குயவரிடம் கொடுத்துச் சூளையில் சுட்டு வாங்கினோம். இரண்டையும் வாளித் தண்ணீரில் போட்டபோது, காய்ந்தது சிறிது நேரத்தில் சேறாகிக் கரைந்தது. சுட்டதிலிருந்த கோடுகள் அப்படியே இருந்தன. "அப்படியானால் அரண்மனை எரியாமல் இருந்திருந்தால் நமக்கு ஒன்றுமே கிடைத்திருக்காதா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம். பெருநிலத்துப் பைலோஸிலும் நாசோஸிலும் இருந்த களிமண் ஏடுகள் நமக்குக் கிடைத்தது, அந்த அரண்மனைகளை அழித்த தீ அவற்றைச் சுட்டுவிட்டதால்தான். இதைக் கண்டுபிடித்த பையனுக்கு வினாத்தாளில் ஒரு கேள்வியும் இல்லை. எரிமலை இருந்தது.

வென்றவர்களுக்குக் கொடுத்த சான்றிதழில் அல்லிப்பூக் கிரீடம் சூடிய "மினோவ மன்னன்" படத்தைப் போட்டிருந்தார்கள். நல்ல வண்ணம், குறை சொல்ல முடியாது. ஆனால் உடைந்த துண்டுகளை வைத்து, நாசோஸைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸின் ஆட்கள் ஒட்டி வரைந்த உருவம் அது. முகம் கிடைக்கவே இல்லை. கிரீடம் வேறொரு உருவத்தினுடையது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. சுழியம் போட்டவர்கள் கையெழுத்திட்ட சான்றிதழுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது.

"கீழடி இருக்கும்போது நம் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழடியையும் சொல்லிக் கொடுங்கள், நானே வந்து உட்காருகிறேன். சிந்துவெளி எழுத்தைப் போலவே மினோவரின் லீனியர் ஏ எழுத்தையும் இதுவரை யாரும் படித்ததில்லை. வாசிக்க முடியாத எழுத்தை எப்படி அணுகுவது என்று கற்பதில் கிரேக்கம் என்ன, தமிழ் என்ன? இதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

குழப்புகிறேன் என்ற குற்றச்சாட்டுதான் உறுத்துகிறது. நான் படித்த பள்ளியில், "இதை யார் பார்த்துச் சொன்னார்கள்?" என்று கேட்டதற்காக ஒரு வரலாற்று ஆசிரியர் என்னைப் பாடவேளை முடியும்வரை பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அதிமேதாவி என்ற பட்டம் அன்று ஒட்டிக்கொண்டது. இப்போது இந்த வயதில், அதே பட்டத்தைக் குழுவில் சிரிப்புப் பொம்மையோடு திரும்பக் கொடுத்திருக்கிறீர்கள். என்னைச் சொல்லுங்கள், எனக்குப் பழக்கம். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம், "சார் சொன்னதை எழுதியதால்தான் தோற்றேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

1936இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சியில், 85 வயது எவன்ஸ் தான் கிரீட்டில் கண்டெடுத்த எழுத்தை இன்னும் படிக்க முடியவில்லை என்று பள்ளி மாணவர்கள் முன் ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டு நின்றவர்களில் 14 வயது மைக்கேல் வென்ட்ரிஸும் ஒருவர். அந்த வயதில் பிடித்த எழுத்தை அவர் விடவே இல்லை. பின்னாளில் கட்டடக்கலைஞரான அவர், ஆலிஸ் கோபர் அட்டை அட்டையாகத் தொகுத்துச் செய்திருந்த ஆய்வும் கைகொடுக்க, 1952இல் லீனியர் பி எழுத்தைப் படித்தார். அது கிரேக்கமாக இருக்காது என்றுதான் அவரே நெடுங்காலம் நம்பியிருந்தார். சான்று வேறு மாதிரி சொன்னதும் வானொலியில் ஊரறிய மாற்றிச் சொன்னார். சர் பட்டம் பெற்ற எவன்ஸுக்குத் தெரியாது என்று சிறுவர்கள் முன் சொல்ல வாய் வந்தது. நம் கோடை வகுப்புக் குழுவுக்கு வரவில்லை.

அடுத்த மாதம் என்னை அழைக்கப் போவதில்லை என்று காதில் விழுந்தது. நல்லது. எரிமலையை வைத்தே மைசீனியர்களையும் முடித்துவிடுங்கள், கி.மு. 1200 வாக்கில் அவர்கள் அரண்மனைகளும் எரிந்தன, அதற்கும் காரணம் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, எனவே எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்தச் சிறுமிக்கு உரிய மதிப்பெண்ணை மட்டும், எல்லோரும் பார்க்கும்படி, குழுவிலேயே போடுங்கள்.