விகிதம் ஏறினாலே புற்றுநோயா?
சிறுநீரில் சூடோயூரிடின் (ஆர்.என்.ஏ. என்ற செல் மூலக்கூறில் இருக்கும் ஒரு வேதிப்பொருள்) கூடினால் புற்றுநோய் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஆர்.என்.ஏ. சிதையும்போது வெளிவரும் இதை நம் உடல் மறுபடி பயன்படுத்திக்கொள்ளாது, சிறுநீரில் போய்விடும். 1970-களில் எர்னஸ்ட் போரெக் போன்ற ஆய்வாளர்கள் இதைப் புற்றுநோயின் அடையாளமாக நம்பியதும் அதனால்தான். ஆனால் இதன் அளவை, சிறுநீரில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுத்துத்தானே சொல்கிறோம்? அது தசையிலிருந்து வருவது. 12 வருஷமாக ஆய்வகத்தில் மாதிரி பார்க்கிறேன். எலும்பும் தோலுமாகப் படுத்துக் கிடக்கும் பெரியவர்களின் சிறுநீரில் கிரியாட்டினின் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். வகுக்கும் எண் சுருங்கினால் விகிதம் தானாக ஏறிவிடும்! கைக்குழந்தைகளுக்கும் இந்த விகிதம் அதிகம்தான், அது நோயல்ல. மேலே கருத்துகளில் 'அப்பாவுக்கு இந்தச் சோதனையை உடனே எடுக்கலாமா' என்று கேட்ட நண்பரே, இதை மட்டும் நம்பி மருத்துவர் சொன்ன ஸ்கேனையும் பயாப்சியையும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.