எல்1-க்குக் குழாயில் கஞ்சி ஊத்தத் தெரியுமா?

அரசாங்க முதியோர் ஹோம்ல டெண்டர் எல்1-க்கு, அதாவது ஆகக் குறைஞ்ச விலை சொன்ன ஏஜென்சிக்குப் போய், பழகின ஆயாம்மாக்கள மாத்தினது அநியாயம்னு நேத்து நான் போட்ட ரெண்டு வரிக்கு இவ்ளோ பேர் கொதிப்பீங்கன்னு நினைக்கல. "டெண்டர் முடிஞ்சுது, ஏஜென்சி மாறிச்சு, ஆயாம்மாக்களும் மாறினாங்க. இதுல என்ன அநியாயம்?" சரி, பொறுமையாவே சொல்றேன்.

போனவங்க வெறும் பெட்ஷீட் மாத்தினவங்க இல்ல. நர்ஸ் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்து, செய்யவெச்சுப் பாத்து, "இந்தப் பாட்டிக்கு நீ செய்யலாம்"னு ஒப்படைச்ச வேலையைச் செஞ்சவங்க. மூக்குக் குழாய்ல கஞ்சி, விரல்ல குத்தி சுகர், இன்சுலின். டெண்டர்ல இதுக்குக் கட்டமே கிடையாது. அட்டெண்டர் இத்தனை பேர், மாசம் இவ்வளவு. அவ்ளோதான்.

என்ன பெரிய வித்தைங்கறீங்களா? நம்ம ஊர் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதுக்கு சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. 40 பாட்டில்ல ஆரஞ்சு ஊசியப் போட்டு 20 வரைக்கும் இழுத்தா உள்ள போறது 8 தான். தலைகீழா நடந்தா ரெண்டரை மடங்கு ஏறும். ஊசி வாங்கறது ஒரு டெண்டர், ஆள் எடுக்கறது இன்னொரு டெண்டர். ரெண்டும் சந்திக்கற இடம் பாட்டியோட வயிறு.

எங்க அப்பா ஸ்ட்ரோக்ல படுத்தப்போ வில்லியனூர்லேந்து ஒரு அக்கா வந்தாங்க. தலைமாட்ட உயர்த்தாம டம்ளரத் தொடமாட்டாங்க. ஊத்தி முடிச்சும் அரை மணி நேரம் சாயவிட மாட்டாங்க. அப்பா செருமுற சத்தம் மாறினாலே நிறுத்திடுவாங்க. ஏஜென்சி அவங்கள வேற வீட்டுக்கு மாத்திடுச்சு. புதுசா வந்த பொண்ணு படுத்தவாக்குலயே ஊத்தப் போச்சு. திட்டவும் மனசு வரல. யாரும் சொல்லித் தரலையே.

"எல்1-க்குத்தான் குடுக்கணும்னு விதி, அதிகாரி என்ன பண்ணுவார்?" மத்திய அரசு கொள்முதலுக்கான பொது நிதி விதிகள் 2017, நம்ம புதுச்சேரிக்கும் அதான், தெரியும். 2021 அக்டோபர்ல மத்திய நிதி அமைச்சகமே, மேலிட ஒப்புதலோட, இந்த மாதிரி சேவைகளுக்குத் விலைய மட்டும் பாக்காம தரத்துக்கும் 30 சதவீதம் வரைக்கும் மதிப்பு குடுக்கலாம்னுடுச்சு. அதுகூட வேணாம். பழைய ஆளும் புது ஆளும் கொஞ்ச நாள் சேந்து வேலை செய்யணும், நர்ஸ் பாத்துக் கையெழுத்துப் போடாம யாரும் குழாயத் தொடக்கூடாதுன்னு நிபந்தனை எழுத எந்த விதி தடுக்குது?

தரம் பாத்துக் குடுத்தா ஊழல் வருமாம். எல்1-ல வரவே இல்ல பாருங்க.

பழைய ஏஜென்சிக்கு வக்காலத்தாம். அவங்க சம்பளம் போட்ட லட்சணமும் எனக்குத் தெரியும்.

ஒருத்தர் மட்டும், "அவ்ளோ அக்கறைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க"ன்னு எழுதியிருக்கார். எங்க அப்பாவ கடைசிவரைக்கும் வீட்லதான் சார் பாத்தோம். ஹோம்ல இருக்கறவங்களக் கூட்டிட்டுப் போக யாருமில்லன்னுதான் அரசாங்கம் வெச்சிருக்கு. உங்க கமெண்ட்ட அழிக்கமாட்டேன். இருக்கட்டும், உங்க வீட்டுப் பிள்ளைங்களும் படிக்கட்டும்.