இரண்டு வார முகாமும் மீதி ஐம்பது வாரமும்

வருகிற ஆண்டு ஆப்பிரிக்க மருத்துவ ஊழியப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்படி எங்கள் சபையில் அறிவித்திருக்கிறார்கள். சென்ற ஜூலையில் அந்தக் குழுவோடு மருந்தாளுநராகப் போய் வந்தவள் என்பதால், பெயர் கொடுக்க நினைப்பவர்களிடம் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு வாரத்துக்குப் போகிறவர்கள், ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கிற மருத்துவமனைக்குக் கை கொடுக்கப் போக வேண்டுமே தவிர, அதன் பக்கத்தில் தனியாக ஒரு முகாம் நடத்திவிட்டு வரப் போகக் கூடாது என்கிறேன்.

நாங்கள் போனது மலாவி நாட்டின் ஒரு கிராமப்புற மிஷன் மருத்துவமனைக்கு. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில், பள்ளிக்கூடத்திலோ ஆலயத்திலோ நாளுக்கு ஓர் இடமாக முகாம் நடந்தது. மூன்றாம் நாள், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மருந்து மேசைக்கு வந்தார். இடுப்பில் சுற்றியிருந்த சித்தேன்ஜே துணியின் முனையில் போட்டிருந்த முடிச்சை, நம் ஊர்ப் பாட்டிமார் முந்தானை முடிச்சை அவிழ்ப்பது போலவே நிதானமாக அவிழ்த்து, பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருந்த சிறு நோட்டை எடுத்து நீட்டினார். மலாவியில் நோயாளியின் சிகிச்சை விவரம் அவரிடமே இருக்கும் அந்த நோட்டில்தான் எழுதப்படுகிறது. ஹெல்த் பாஸ்போர்ட் என்பார்கள். அதில் முந்தைய ஆண்டு வந்த ஒரு குழுவின் கையெழுத்தில், இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், 30 மாத்திரை என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு மலேரியா பரிசோதனைக் குறிப்பு மட்டும் இருந்தது. மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அன்று அவருக்கு இரத்த அழுத்தம் 210/120, ஆபத்தான அளவு.

எங்களுடன் வந்திருந்த உள்ளூர் கிளினிக்கல் ஆஃபீசர் (மருத்துவப் பட்டம் இல்லாமல், பயிற்சி பெற்றுச் சிகிச்சை அளிப்பவர்) அவரை "அகோகோ" என்று மரியாதையாக அழைத்து, சிச்சேவா மொழியில் வெகுநேரம் பேசினார். மாத்திரை தீர்ந்ததும் அந்த அம்மா காலி அட்டையைப் பத்திரப்படுத்தி, அருகிலிருந்த சுகாதார நிலையத்தில் காட்டியிருக்கிறார். அந்த மருந்து அங்கே இல்லை. கொடுத்தவர்கள் மறுபடியும் வருவார்கள் என்று பதினொரு மாதம் காத்திருந்திருக்கிறார். இதை கிளினிக்கல் ஆஃபீசர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, என் கையில் இருந்ததும் அதே டெல்மிசார்டன் அட்டைதான். அதைக் கீழே வைத்துவிட்டேன். கிளினிக்கல் ஆஃபீசர், மருத்துவமனை இருப்பில் எப்போதும் இருக்கிற ஹைட்ரோகுளோரோதியாசைடு என்ற இரத்த அழுத்த மருந்தை எழுதி, மாதந்தோறும் அழுத்தம் பார்க்க வர வேண்டிய தேதியையும் அந்த நோட்டிலேயே குறித்துக் கொடுத்தார். அந்தத் தேதியைக் குறிக்க எங்கள் குழுவில் ஒருவராலும் முடியாது. அந்த நாளில் நாங்கள் யாரும் அங்கே இருக்கப் போவதில்லை.

மருந்துகளைப் பற்றி, என் தொழில் என்பதால், கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நன்கொடையாக வரும் மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பெறுகிறவர்கள் கேட்டதைத்தான் அனுப்ப வேண்டும், அந்த நாட்டு மருந்துப் பட்டியலோடு அது பொருந்த வேண்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. நாங்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனவற்றில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் தவறியது. சபையார் அன்போடு கொடுத்த சாம்பிள் மருந்துகள் அவை. அவற்றைப் பிரித்து அடுக்கவே அங்கிருந்த ஒரே மருந்தக உதவியாளருக்கு இரண்டு நாள் போயிற்று. மருந்துக்குப் பதிலாகப் பணத்தை அனுப்பியிருந்தால், அவர்களே தங்களுக்கு வேண்டியதை அங்கேயே வாங்கியிருப்பார்கள்.

அந்த நாட்டில் மருத்துவமே இல்லை என்று எண்ணிக்கொண்டு போவது பெரிய பிழை. மலாவியின் மிஷன் மருத்துவமனைகள் 1966 முதல் ஒரு சங்கமாக இணைந்து இயங்குகின்றன. அவற்றுள் பலவற்றில் தாய் சேய் சிகிச்சைக்கான செலவை அரசு ஒப்பந்தப்படி ஏற்கிறது. மற்ற நோயாளிகள் கட்டணம் செலுத்துகிறார்கள். இலவச முகாம் வரப்போகிறது என்று தெரிந்தால், கட்டணத்துக்கு அஞ்சிச் சிலர் காய்ச்சலோடும் புண்ணோடும் வீட்டிலேயே காத்திருந்துவிடுகிறார்கள் என்று செவிலியர் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். மாவட்ட அளவில் சிசேரியன் அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது, மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் அதற்கென்றே பயிற்சி பெற்ற கிளினிக்கல் ஆஃபீசர்கள்தான். வெளியிலிருந்து வருகிற எந்த மருத்துவரும் முதல் வாரத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து 1875-ல் அங்கே போன மருத்துவ மிஷனரி ராபர்ட் லாஸ் 1927 வரை, 52 ஆண்டுகள், அந்த மக்களிடையே பணி செய்தார். நம்மால் அப்படி இருக்க முடியாதுதான். ஆனால் இருக்கிறவர்களைத் தாங்கலாம்.

நல்ல சமாரியன் காயப்பட்டவனுக்கு எண்ணெய் வார்த்துக் காயம் கட்டியதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று ஒப்படைத்துப் போனதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு இப்போது அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று. முகாமில் சிகிச்சைக்கு முன் வரிசையில் நிற்பவர்களுக்குப் பிரசங்கம் செய்யும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். விசுவாசியாகவே இதைச் சொல்கிறேன். காய்ச்சலில் துவண்ட குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நிற்கிற தாய், விலகிப் போக முடியாத நிலையில் இருக்கிறாள். அவள் கேட்பதைச் செவிகொடுத்தல் என்று கணக்கில் எழுதக் கூடாது. அந்த மருத்துவமனையில் காலை ஜெபத்தில் ஊழியர்கள் பாடிய பாட்டுக்கு, வார்டிலிருந்து நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் தாங்களாகவே வந்து சேர்ந்து பாடினார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை.

சபைக் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். பதினான்கு பேருக்குப் பதிலாக நான்கு பேர், இரண்டு வாரத்துக்குப் பதிலாக மூன்று மாதம். மிச்சமாகும் விமானச் செலவு அந்த மருத்துவமனையின் மருந்து வாங்கும் கணக்குக்கு. என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டேன். பெரிய அளவுக் கைப்பட்டையுடன் இரண்டு இரத்த அழுத்தக் கருவிகள், மருந்தகப் பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லிக்கொடுக்க ஒருவர், செவிலியர் இருவருக்கு மேற்பயிற்சிக் கட்டணம் என்று பதில் வந்தது. கமிட்டி வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடுகிறது. உடன்படுகிறவர்கள் வந்து உட்காருங்கள்.